ஸ்பெயின் நாட்டு இசையும் அதைக் காத்த மக்களும்

(சங்கத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்திய சொற்பொழிவு)



இசையைப் பற்றி ஒரு சொற்பொழிவு வேண்டும் எனச் செயற்குழுவினர் எம்மைக் கேட்டனர். தமிழிசையைப் பற்றிப் பேச நம்மிடையே கற்றறிந்தோர் பலர் உளர். ஆகவே வேற்று நாட்டு இசை ஒன்றைப் பற்றிப் பேச இசைவு தாருங்கள் என்று வேண்டிக்கொண்டோம். யாம் இசைப்புலமை உடையேம் அல்லேம். பள்ளியிறுதி வகுப்போடு கல்வியை முடித்துக்கொண்டு, புகைவண்டித் துறையில் எழுத்தராய்க் காலம் கழித்து வருகிறோம். அலுவல் முடிந்த மாலைகளில் படித்தவற்றையும், வானொலியிலும் இசைத்தட்டிலும் கேட்டவற்றையும் ஒருவாறு ஒழுங்குபடுத்தி உங்கள் முன் வைக்கின்றோம். குற்றம் களைந்து குணம் கொள்ளுமாறு வேண்டுகிறோம்.

ஏன் ஸ்பெயின் என்று கேட்பீர்கள். பிறந்த ஊரை விட்டு வந்தோர் கூடியுள்ள அவை இது. ஊரை விட்டு வருகின்றவன் தன் நிலத்தைக் கொண்டுவர இயலாது, கோயிற் குளத்தைக் கொண்டுவர இயலாது, பாட்டைக் கொண்டுவரலாம். எடை போடாமலும் கூலி செலுத்தாமலும் புகைவண்டியில் ஏற்றிச் செல்லக்கூடிய சரக்கு அது ஒன்றே. ஆனால் அந்தச் சரக்கு எத்தனை தலைமுறைக்குக் கெடாமல் இருக்கும்? எப்படி வைத்தால் கெடாது? இவ்வினாவிற்கு ஸ்பெயின் நாட்டு இசை வரலாறு தருகின்ற விடையைப் போலத் தெளிவான விடையை வேறெங்கும் யாம் கண்டிலேம்.

ஏடு இருந்தும் மறைந்த பாட்டு

ஸ்பெயினின் தென்பகுதியில் செவில் என்றொரு நகரம் உள்ளது. ஏழாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அந்நகரின் கிறிஸ்தவத் தலைமைக் குருவாய் விளங்கியவர் இசிதோர் என்பார். 636ஆம் ஆண்டு மறைந்த அவர், தம் காலத்து அறிவனைத்தையும் திரட்டிக் கலைக்களஞ்சியம் போன்றதொரு பெருநூல் இயற்றினார். அதில் இசையைக் குறித்து ஓர் அரிய கருத்தைக் கூறியுள்ளார். ஒலியை எழுதிவைக்க இயலாது. ஆகவே மனிதர் நினைவில் வைத்துக் காக்காவிடில் அது அழிந்தே போகும் என்பது அக்கருத்து.

அவருக்குப் பின் வந்தோர் இசையை எழுதவும் முயன்றனர். பத்தாம் நூற்றாண்டைச் சேர்ந்த பாட்டேடு ஒன்று வடபகுதியிலுள்ள லியோன் நகரப் பெருங்கோயிலில் இன்றும் போற்றிவைக்கப்பட்டுள்ளது. ஸ்பெயின் நாட்டுக் கிறிஸ்தவர் தமக்கே உரிய பழைய முறையில் பாடிவந்த வழிபாட்டுப் பாடல்கள் அதில் உள்ளன. சொற்களின் மேல் கோடுகளும் சுழிகளும் அழகுற இடப்பட்டிருக்கின்றன. ஆயினும் அக்குறிகள், குரல் ஏறுகிறதா இறங்குகிறதா என்பதைக் காட்டுமேயன்றி, எவ்வளவு ஏறுகிறது, எந்தச் சுரத்தில் நிற்கிறது என்பவற்றைக் காட்டமாட்டா. பாட்டை முன்னரே அறிந்த ஒருவர்க்கு நினைவூட்டுவதற்காக எழுதப்பட்டவை அவை.

1080ஆம் ஆண்டு பூர்கோஸ் நகரில் கூடிய குருமார் பேரவை, பழைய முறையை விடுத்து உரோமாபுரி வழிபாட்டு முறையை ஏற்பதென முடிவு செய்தது. பாடிய வாய்கள் புதிய பாட்டிற்கு மாறின. பழைய மெட்டை அறிந்தோர் ஒருவர்பின் ஒருவராக மறைந்தனர். தொலேதோ நகரில் மட்டும் சில கோயில்கள் பழைய முறையை விடாது பற்றி நின்றன. 1500ஆம் ஆண்டையொட்டி, சிஸ்னேரோஸ் என்னும் கர்தினால் அம்முறைக்குரிய நூல்களை அச்சிட்டார். தொலேதோ பெருங்கோயிலினுள் அதற்கெனத் தனிச் சிற்றாலயமும் அமைத்தார். சொற்கள் பிழைத்தன. பழைய ஏட்டிலுள்ள மெட்டுகளுள் மிகச் சிலவற்றையே இன்று அறிஞரால் பாடிக்காட்ட முடிகிறது. ஏனையவற்றிற்கு ஏடு இருக்கிறது, குறி இருக்கிறது, பாட்டு இல்லை.

கிழக்கிலிருந்து வந்த யாழ்

711ஆம் ஆண்டு வட ஆப்பிரிக்காவிலிருந்து முஸ்லிம் படையொன்று கடல் கடந்து ஸ்பெயினில் இறங்கியது. சில ஆண்டுகளில் நாட்டின் பெரும்பகுதி அவர்கள் ஆட்சிக்கு உட்பட்டது. கொர்தோபா தலைநகராயிற்று. 822ஆம் ஆண்டு அந்நகருக்கு ஜிர்யாப் என்னும் இசைவாணர் வந்து சேர்ந்தார். பாக்தாத் அரசவையில் இசை பயின்ற அவர், தம் ஆசிரியரின் பொறாமைக்கு ஆளாகி மேற்கு நோக்கிப் புறப்பட்டார் எனப் பழைய அரபு வரலாற்றாசிரியர் கூறுவர். இரண்டாம் அப்துர் ரஹ்மான் அவரை வரவேற்றுப் பொருள் தந்து பேணினார். ‘ஊத்’ என்பது வளைந்த குடமும் குறுகிய கழுத்தும் உடைய அரபு நரம்புக்கருவி. நான்கு நரம்புகள் கொண்டிருந்த அதற்கு ஐந்தாவது நரம்பைச் சேர்த்தவர் ஜிர்யாப் என்றும், மரத்துண்டினால் மீட்டும் வழக்கை மாற்றிக் கழுகின் இறகினால் மீட்டியவர் அவரே என்றும் அவ்வாசிரியர்கள் எழுதியுள்ளனர். அவர் தொடங்கிய இசைப்பள்ளியில் பயின்றோர் வழியே அக்கலை நாடெங்கும் பரவியது. ஸ்பெயின் இசைக்குப் பெருமை தந்த முதற் பேராசான் வேற்றூரிலிருந்து பிழைப்புத் தேடி வந்தவர் என்பதை நாம் மறத்தலாகாது.

முஸ்லிம்களும் யூதர்களும் கிறிஸ்தவர்களும் அடுத்தடுத்த தெருக்களில் வாழ்ந்த நாடு அது. அவ்வாழ்வின் சுவடு பாட்டிலும் படிந்தது. அரபு மொழியிலும் எபிரேய மொழியிலும் புலவர் பாடிய ஒருவகைப் பாடலின் ஈற்றடி மட்டும் சில இடங்களில் பொருள் விளங்காமலே நெடுநாள் கிடந்தது. 1948ஆம் ஆண்டு சாமுவேல் ஸ்டெர்ன் என்னும் அறிஞர் அப்புதிரை அவிழ்த்தார். அவ்வடிகள் அரபு மொழியும் எபிரேய மொழியும் அன்று. அந்நாட்டுப் பொதுமக்கள் பேசிய, இன்றைய ஸ்பானிய மொழிக்கு உறவான மொழியே என்று காட்டினார். அவற்றுள் பல, பிரிந்த காதலனை எண்ணி இளம்பெண் தன் தாயிடம் புலம்பும் சொற்கள். அரசவைப் புலவன் தன் பாட்டை முடிக்கத் தெருவிலிருந்து ஒரு பெண்ணின் குரலைக் கடன் வாங்கியிருக்கின்றான்!

கிறிஸ்தவ மன்னர் அவையிலும் இக்கலப்பு இருந்தது. 1252 முதல் 1284 வரை ஆண்ட பத்தாம் அல்போன்சோ மன்னர், மரியன்னையைப் போற்றும் 400க்கும் மேற்பட்ட பாடல்களை இசையோடு தொகுப்பித்தார். அத்தொகுப்பின் ஏடொன்றில் இசைவாணரைக் காட்டும் வண்ண ஓவியங்கள் பல உள்ளன. தலைப்பாகை அணிந்த முஸ்லிம் ஒருவரும் கிறிஸ்தவர் ஒருவரும் அருகருகே அமர்ந்து கருவி மீட்டும் காட்சியும் அவற்றுள் ஒன்று. எழுநூறு ஆண்டுகளுக்கு மேலாகியும் அவ்வோவியத்தின் வண்ணம் மங்கவில்லை. அவ்வாறு அமர்ந்து வாசித்தோரின் வழித்தோன்றல்கள் மட்டும் அந்நாட்டில் இருக்க முடியவில்லை.

1492: வாயில் எடுத்துச் சென்றோர்

1492ஆம் ஆண்டு சனவரித் திங்களில் முஸ்லிம் அரசின் கடைசி நகரான கிரனாடா வீழ்ந்தது. மார்ச்சுத் திங்கள் இறுதியில், மதம் மாறாத யூதர் யாவரும் நான்கு திங்களுக்குள் நாட்டை விட்டு நீங்க வேண்டும் என்று அரசனும் அரசியும் ஆணையிட்டனர். பொன்னும் வெள்ளியும் எடுத்துச் செல்லத் தடை இருந்தது. பாட்டிற்குத் தடை விதிக்க ஆணை எழுதியவர்க்குத் தோன்றவில்லை போலும்! அம்மக்கள் மொரோக்கோவிற்கும், துருக்கிப் பேரரசின் சலோனிக்கா, இஸ்தான்புல் முதலிய நகரங்களுக்கும் சென்றனர். சென்ற இடங்களிலெல்லாம் தாம் பேசிய பழைய ஸ்பானிய மொழியைப் பிள்ளைகளுக்குக் கற்பித்தனர். அரசகுமாரியரும் மறவர்களும் வரும் கதைப்பாடல்களைப் பெண்கள் திருமண வீட்டிலும் தொட்டில் அருகிலும் பாடிவந்தனர். ஸ்பெயினிலேயே மறைந்துபோன சில கதைப்பாடல்கள், நானூறு ஆண்டுகள் கழித்து மத்தியதரைக் கடலின் மறுகோடியில் பாட்டிமார் வாயில் உயிரோடு இருந்தன. 1911ஆம் ஆண்டு ஸ்பெயினிலிருந்து சென்ற மன்ரிக்கே தெ லாரா என்பவர் அவற்றைக் கேட்டு, சொல்லும் மெட்டுமாக எழுதிக்கொண்டு திரும்பினார்.

முஸ்லிம் மக்களின் கதையும் இத்தகையதே. கிரனாடா வீழ்ந்தபின் அவர்கள் கட்டாயத்தினால் கிறிஸ்தவராக்கப்பட்டனர். 1567ஆம் ஆண்டு இரண்டாம் பிலிப்பு மன்னர் வெளியிட்ட ஆணை, அவர்களுடைய மொழியையும் உடையையும் மட்டுமன்றி, ‘சம்பிரா’ என்னும் ஆடல்பாடலையும் தடை செய்தது. 1609 முதல் 1614 வரை அவர்கள் கூட்டங்கூட்டமாய் நாடு கடத்தப்பட்டனர். மொரோக்கோ, அல்ஜீரியா, துனிசியா ஆகிய நாடுகளில் குடியேறிய அவர்கள் வழியாகவும், அவர்களுக்கு முன் சென்றோர் வழியாகவும், அந்தலூசிய இசை இன்றளவும் அங்கே வாழ்கிறது. கிரனாடாவிலிருந்து வந்தோர் மீண்டும் எழுப்பிய தெத்துவான் நகரத்து அல்ஹாயிக் என்பார், பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதியில் அப்பாடல்களின் சொற்களைத் தொகுத்து எழுதினார். மெட்டுகள் ஆசிரியர் வாயிலிருந்து மாணவர் செவிக்கே சென்றன. ‘நூபா’ எனப்படும் நீண்ட இசைத்தொகுதிகள் 11 மொரோக்கோவில் இன்றும் பாடப்படுகின்றன.

தொலேதோவின் பாட்டு தன் ஊரிலேயே, தன் கோயிலிலேயே, ஏட்டிலும் எழுதப்பட்டு இருந்தது, பெரும்பாலும் மறைந்தது. நாடு கடத்தப்பட்ட பாட்டு ஏடின்றிச் சென்றது, பிழைத்தது. பாடுவோர் தொடர்ந்து பாடியதே இதன் காரணம்.

விரல் காட்டிய எழுத்து

எழுத்தை இகழ்வது எம் நோக்கமன்று. அதே ஸ்பெயினில் எழுத்தினால் பிழைத்த இசையும் உண்டு. பதினாறாம் நூற்றாண்டில் ‘விகுவேலா’ என்னும் நரம்புக்கருவி செல்வாக்குப் பெற்றிருந்தது. உருவில் கிதாரை ஒத்த அதற்கு இரட்டை நரம்புகள் ஆறு. 1536ஆம் ஆண்டு லூயிஸ் தெ மிலான் என்பார் அதற்கென முதல் நூலை வலென்சியா நகரில் அச்சிட்டார். 1576 வரை மொத்தம் ஏழு நூல்கள் வெளிவந்தன. எந்த நரம்பில் எந்தக் கட்டையில் விரல் வைக்க வேண்டும் என்பதை எண்களால் காட்டுவது அந்நூல்களின் முறை. கருவி வழக்கொழிந்தது; அதைப் பழகியோரும் மறைந்தனர். ஆயினும் எண்ணைப் பார்த்து விரல் வைக்கத் தெரிந்த எவரும் அவ்விசையை இன்று எழுப்பலாம். எழுதினால் போதாது, அறியாதவனும் அறியும்படி எழுத வேண்டும் என்பது இதனால் பெறப்படுகிறது.

இங்கே மற்றொரு செய்தியும் கூறத்தக்கது. அந்நூற்றாண்டின் பேரிசைவாணர் சிலர் கண்பார்வை இழந்தவர்கள். அரசவையில் ஆர்கன் வாசித்த அந்தோனியோ தெ கபெசோன், விகுவேலா நூல் எழுதிய மிகேல் தெ ஃபுவென்யானா, சலமான்கா பல்கலைக்கழகத்தில் இசைப் பேராசிரியராயிருந்து 1577இல் இசையிலக்கண நூல் வெளியிட்ட ஃபிரான்சிஸ்கோ தெ சலினாஸ் ஆகிய மூவரும் பார்வையற்றவர்கள். நம் காலத்திற்கு அருகில், கிதாரும் பல்லியமும் இணைந்து இசைக்கும் ‘அரன்ஹுவேஸ்’ இசைக்கோவையை 1939ஆம் ஆண்டு இயற்றிய ஹோவாகின் ரொத்ரிகோவும் மூன்று வயதிலேயே பார்வை இழந்தவர். செவியையும் நினைவையுமே துணையாகக் கொண்டோர் எத்துணை உயரம் ஏறினர் என்பதற்கு இவர்கள் சான்று.

இந்தியாவிலிருந்து சென்ற குலத்தார்

இனி நாம் அனைவரும் உற்றுக் கேட்கவேண்டிய பகுதிக்கு வருகிறோம். ஆங்கிலத்தில் ஜிப்சி என்றும் ஸ்பெயினில் கீதானோ என்றும் வழங்கப்படும் நாடோடி மக்கள், ஏறத்தாழ ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் இந்தியாவின் வடமேற்குப் பகுதியிலிருந்து புறப்பட்டவர்கள். மொழியாராய்ச்சி முதலிலும், உயிரியல் ஆராய்ச்சி பின்னரும் இதனை உறுதி செய்துள்ளன. பாரசீகம், ஆர்மீனியா, கிரேக்கம் எனப் பல நாடுகளைக் கடந்து அவர்கள் மேற்கே சென்றனர். 1425ஆம் ஆண்டு அரகோன் நாட்டு மன்னர் ஐந்தாம் அல்போன்சோ அவர்களுள் ஒரு தலைவருக்கு வழிச்சீட்டு வழங்கினார். தாங்கள் ‘சிறிய எகிப்து’ நாட்டினர் என்று அவர்கள் சொல்லிக்கொண்டதால், எகிப்தியர் என்னும் பொருளில் கீதானோ என்ற பெயர் நிலைத்தது. ஆயினும் அவர்கள் பேச்சு அவர்களின் பிறப்பிடத்தைக் காட்டிக்கொடுத்தது. தண்ணீருக்கு அவர்கள் வைத்திருந்த சொல் ‘பானி’. கத்திக்குச் ‘சுரி’. தம் மொழிக்கு அவர்கள் இட்ட பெயர் ‘காலோ’. கறுப்பு என்பது அதன் பொருள். இந்தி வழங்கும் இந்நகரத்தில் வாழும் நமக்கு இம்மூன்று சொற்களையும் விளக்க வேண்டுவதில்லை.

வந்தவர்களை அந்நாடு நெடுநாள் அன்போடு நடத்தவில்லை. 1499ஆம் ஆண்டு, நிலையான தொழிலும் தலைவனும் தேடிக்கொள்ளாதோர் 60 நாளில் வெளியேற வேண்டும் என்று முதல் ஆணை பிறந்தது. அதன்பின் ஆணைமேல் ஆணை. 1749ஆம் ஆண்டு சூலைத் திங்களில், நாடெங்கும் ஒரே வேளையில் ஆயிரக்கணக்கான கீதானோக்கள் சிறைபிடிக்கப்பட்டனர். ஆடவர் கப்பற்படைத் தளங்களில் கட்டாய வேலைக்கு அனுப்பப்பட்டனர். பெண்டிரும் சிறு பிள்ளைகளும் வேறிடங்களில் அடைக்கப்பட்டனர். கடைசியாய் எஞ்சியோர்க்கு விடுதலை கிடைத்தது 1765ஆம் ஆண்டில்தான்.

இத்தகைய வாழ்வினரும், அவர்களோடு ஒரே தெருவில் வாழ்ந்த ஏழை அந்தலூசியரும் சேர்ந்து உருவாக்கிய இசையே இன்று உலகம் போற்றும் ஃபிளமெங்கோ. கீதானோக்கள் இந்தியாவிலிருந்து மூட்டை கட்டிக் கொண்டுசென்ற இசை அது என்று சிலர் மகிழ்ந்து பேசுவர். அது பொருந்தாது. கோயிற்பாட்டும், முஸ்லிம்கள் விட்டுச்சென்ற குரல் நெளிவும், அந்தலூசிய உழவர் பாட்டும், கடல் கடந்து அமெரிக்காவிலிருந்து வந்த தாளமும் அதில் கலந்துள்ளன. கலந்தவற்றைத் தம் துயரத்தால் உருக்கி வார்த்தவர்களுள் முதலிடம் கீதானோக்களுக்கு உரியது.

கொல்லர் பட்டறையில் தோன்றியதாகக் கூறப்படும் ‘மார்த்தினேத்தே’ என்னும் பாட்டிற்குக் கிதார் இல்லை. சம்மட்டி அடியே துணை. ‘சோலேயா’ என்பது தனிமையைப் பாடும் வகை. அதன் தாளம் 12 எண்ணிக்கை கொண்ட ஆவர்த்தம். 3, 6, 8, 10, 12 ஆகிய எண்களில் அழுத்தம் விழும். முன்பாதி மும்மூன்றாகவும் பின்பாதி இவ்விரண்டாகவும் நடக்கும் அத்தாளத்தைக் கூடியிருப்போர் கைதட்டியே நிலைநிறுத்துவர். இசை மேடை என்று தனியே ஒன்று அங்கே முதலில் இல்லை. வீட்டு முற்றத்தில் சுற்றத்தார் நடுவே ஒருவர் எழுந்து பாட, ஏனையோர் கைத்தாளமும் ஊக்கவுரையும் தருவர். பிள்ளைகள் அம்முற்றத்திலேயே வளர்ந்து, நடக்கக் கற்கும்போதே தாளத்தையும் கற்றுக்கொண்டனர்.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் இவ்விசை காப்பிக்கடை மேடைகளுக்கு வந்தது. அதற்குப் பெரும்புகழ் தேடித்தந்த சில்வேரியோ ஃபிராங்கோனெத்தி கீதானோ அல்லர். அவர் தந்தை இத்தாலியர். கீதானோ பாடகரிடம் கேட்டுக் கற்று, அவர்களே வியக்கும்படி பாடினார். குருதியை நோக்காது செவியையே நோக்கும் கலை அது என்பதற்கு வேறு சான்று வேண்டா.

தேடித் தொகுத்தோர்

ஸ்பெயின் இசை என்றால் ஃபிளமெங்கோ மட்டுமே என்று எண்ணலாகாது. வடமேற்கே கலிசியாவில் பைக்குழல் ஒலிக்கும். அரகோனில் ‘ஹோத்தா’ என்னும் துள்ளல் நடனம் சிறக்கும். கத்தலோனியாவில் ஊரார் கைகோத்து வட்டமாய் நின்று ‘சர்தானா’ ஆடுவர், அதற்கு 11 பேர் கொண்ட குழு இசைக்கும். மத்ரித் நகரில் பேச்சும் பாட்டும் கலந்த ‘சர்சுவேலா’ நாடகங்கள் மக்களை ஈர்த்தன. பகுதிக்கொரு பாட்டும் மொழியும் கொண்ட நாடு அது. அந்நாட்டு அரசு வணக்கப்பாட்டிற்கு மெட்டு உண்டு, சட்டப்படி ஏற்ற சொற்கள் இன்றளவும் இல்லை என்பதும் அறியத்தக்கது.

இப்பலவகைச் செல்வத்தின் மதிப்பை உணர்ந்து தேடித் தொகுத்தவர் ஃபெலிபே பெத்ரெல். 1841இல் பிறந்த அப்பெரியார், நாட்டுப்பாடலே நாட்டின் உயர்ந்த இசைக்கு அடித்தளமாக வேண்டும் என்று வாழ்நாளெல்லாம் வலியுறுத்தினார். அல்பேனித், கிரனாதோஸ், மனுவேல் தெ ஃபாயா ஆகிய மூவரும் அவர் மாணாக்கர். அல்பேனித் தம் இறுதி ஆண்டுகளில் இயற்றிய ‘இபேரியா’ என்னும் பியானோத் தொகுதியில், கிதாரின் மீட்டொலியும் கைத்தாளமும் பியானோவிலிருந்து எழுகின்றன. கிரனாதோஸ் தம் இசைநாடகத்தின் அரங்கேற்றத்திற்காக நியூயார்க் சென்று, 1916ஆம் ஆண்டு மார்ச்சில் திரும்பும் வழியில், செருமானிய நீர்மூழ்கியால் தாக்கப்பட்ட கப்பலில் மனைவியோடு உயிரிழந்தார்.

ஃபாயாவிற்கு ஓர் அச்சம் இருந்தது. காப்பிக்கடை மேடைகளில் பொழுதுபோக்காய் மாறிவிட்ட பழம்பாட்டு அழிந்துபோகுமோ என்பதே அது. இளங்கவிஞர் கார்சியா லோர்கா முதலியோரும் அவருடன் சேர, 1922ஆம் ஆண்டு சூன் 13, 14ஆம் நாட்களில் கிரனாடாவின் அல்ஹாம்பிரா அரண்மனை முற்றத்தில் பாட்டுப் போட்டி நடந்தது. பாட்டைத் தொழிலாகக் கொண்டோர்க்கு அதில் இடமில்லை. பரிசு பெற்றவருள் ஒருவர் ஊரறியாத முதியவர் தியேகோ பெர்மூதெஸ். மற்றொருவர், பின்னாளில் மனோலோ கரகோல் என்று புகழ்பெற்ற 12 வயதுச் சிறுவன். முதியவர் வாயிலிருந்து சிறுவர் வாய்க்குப் பாட்டு செல்ல வேண்டும் என்று விரும்பியோர்க்கு, இதனினும் பொருத்தமான முடிவு கிடைத்திருக்க முடியாது.

மீண்டும் நாடு கடந்தோர்

1936இல் உள்நாட்டுப் போர் மூண்டது. அவ்வாண்டு ஆகஸ்டுத் திங்களில் லோர்கா சுட்டுக் கொல்லப்பட்டார். 1939இல் போர் முடிந்து ஃபிராங்கோவின் சர்வாதிகாரம் நிலைபெற்றது. அவ்வாண்டே ஃபாயா அர்ஜென்டினா சென்றார். 1946இல் அங்கேயே மறைந்தார். செல்லோ மேதை பாவ் கசல்ஸ் பிரான்சு எல்லையோரச் சிற்றூர் ஒன்றில் தங்கினார். சர்வாதிகாரி ஆளும் வரை திரும்புவதில்லை என்று உறுதி பூண்டு, தம் நிகழ்ச்சிகளில் கத்தலோனிய நாட்டுப்பாடலான ‘பறவைகளின் பாட்டு’ மெட்டை வாசிப்பதை வழக்கமாக்கிக்கொண்டார். 1971ஆம் ஆண்டு, 94 வயதில், ஐக்கிய நாடுகள் அவையில் அதனை வாசித்தார். இரண்டாண்டுகளில் மறைந்தார். 1979இல்தான் அவர் உடல் சொந்த ஊர் மண்ணை அடைந்தது.

உள்நாட்டில் இருந்த கத்தலோனியரும் பாட்டை விடவில்லை. 1960ஆம் ஆண்டு மே மாதம் பார்சிலோனா இசைமன்றத்தில், தடை செய்யப்பட்டிருந்த தங்கள் கொடிப்பாட்டை அவையினர் எழுந்து நின்று பாடினர். அடியும் சிறையும் பெற்றனர்.

அதே காலத்தில் அரசு, ஃபிளமெங்கோ ஆடும் பெண்ணின் படத்தைக் காட்டி வெளிநாட்டுச் சுற்றுலாக்காரரை அழைத்துக்கொண்டிருந்தது. மறுபுறம், கீதானோக்களைத் தனியே கண்காணிக்குமாறு காவற்படைக்கு எழுதப்பட்ட விதி 1978 வரை நீங்கவில்லை. ஆட்டம் வேண்டும், ஆடுபவர் மேல் ஐயம்! வந்தேறிகளின் சமையலை விரும்பி உண்டு, வாடகைக்கு வீடு தர மறுப்போரை நாமும் கண்டிருக்கிறோம் அல்லவா?

காலம் மெல்லத் திரும்பியது. 2010ஆம் ஆண்டு ஐ.நா. கல்வி, பண்பாட்டு நிறுவனமான யுனெஸ்கோ, ஃபிளமெங்கோவை மனித குலத்தின் மரபுச் செல்வமென ஏற்றது. 2015ஆம் ஆண்டு ஸ்பெயின் இயற்றிய சட்டம், 1492இல் துரத்தப்பட்ட யூதரின் வழித்தோன்றல்களுக்கு 2019 வரை குடியுரிமை கோர வழிசெய்தது. ஐந்நூறு ஆண்டுகளுக்குப் பின் கதவு சிறிது காலம் திறந்தது.

நமக்கு எஞ்சும் பாடம்

வாயினாலேயே பாட்டு வாழும் என்றால் எழுத்தும் தொகுப்பும் எதற்கு என்று கேட்கலாம். அதற்கு விடை சலோனிக்காவில் உள்ளது. 1943ஆம் ஆண்டு, அந்நகரை ஆக்கிரமித்திருந்த நாசிகள் 45,000க்கும் மேற்பட்ட யூதரை ஆஷ்விட்ஸ் கொலைக்களத்திற்கு அனுப்பினர். அனுப்பியது புகைவண்டியில் என்பதை, அத்துறையில் உழைக்கும் யாம் நெஞ்சு நடுங்காமல் சொல்ல இயலவில்லை. 450 ஆண்டுகள் பாட்டைக் காத்த பாட்டிமாரும் தாய்மாரும் பேத்திகளும் ஒரே வண்டியில் சென்றனர். பாட்டை யாரிடம் ஒப்படைப்பது? 1911இல் ஒருவர் சென்று எழுதி வைத்தவை, அக்குரல்களுள் சிலவற்றின் எச்சமாக இன்று நிற்கின்றன.

ஆகவே வாயும் வேண்டும், ஏடும் வேண்டும். தொலேதோவின் பாட்டு வாயை இழந்தது. சலோனிக்காவின் பாட்டு வாயிருந்தும் வலியவர் கையால் அடைக்கப்பட்டது. எங்கே முதியவர் பாட, பிள்ளை கேட்டுப் பாட, அறிந்த ஒருவர் அதனைப் பிறர்க்கும் புரியும்படி எழுதி வைக்கிறாரோ, அங்கே பாட்டு நிலைக்கிறது.

நம் சங்கத்துப் பிள்ளைகளை எண்ணிப் பார்க்கிறோம். அவர்கள் திரைப்பாட்டை முழுதும் ஒப்பிப்பர்; இந்திப் பாட்டும் இனிமையாய்ப் பாடுவர். அதில் நமக்கு வருத்தம் இல்லை. கலந்து வாழ்வதே இசையின் இயல்பு என்பதைத்தானே இவ்வளவு நேரம் பேசினோம். ஆனால் நம் தாய்மார் தொட்டிலருகில் பாடிய தாலாட்டையும், நாற்று நட்டபோது பாடிய பாட்டையும், ஒப்பாரியையும் அவர்களுள் எத்தனை பேர் அறிவர்? அவற்றைப் பாடத்தெரிந்த மூதாட்டியர் நம் குடும்பங்களில் இன்னும் சிலர் இருக்கின்றனர். அவர்களை ஆண்டுக்கு ஒருமுறை மாலையிட்டு வணங்குவதோடு நாம் நிறுத்திக்கொள்கிறோம். நம்மை எவரும் துரத்தவில்லை. பிழைப்பைத் தேடி நாமே வந்தோம். எவரும் நம் பாட்டைத் தடை செய்யவுமில்லை. அவ்வாறிருந்தும் அது நம்மிடம் அழியுமாயின், பழி போட நமக்கு ஓர் அரசனும் கிடையான்.

திங்களுக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலையை இதற்கென ஒதுக்கலாம். மூதாட்டி ஒருவர் பாடட்டும். பிள்ளைகள் சுற்றி அமர்ந்து திருப்பிப் பாடட்டும். சுரம் அறிந்த நம் அன்பர் ஒருவர் எழுதட்டும். குரலையும் பதிவு செய்வோம். அடுத்த ஆண்டு மலரில் அவ்வாறு திரட்டிய பத்துப் பாடல்களாவது சுரத்தோடு அச்சேற வேண்டும் என்பதும், அவற்றை இம்மேடையில் பிள்ளைகளே பாட வேண்டும் என்பதும் எமது விண்ணப்பம். தாள்களைப் படியெடுக்கும் பணியை எழுத்தராகிய யாம் ஏற்றுக்கொள்கிறோம்.